காளான் 22, கேப்பர் 23: சத்து அட்டவணையை வாசிப்பது எப்படி?

பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணா, சொக்லேட் பொதிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலையும் துணியில் சுற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்திருந்தார். உள்ளே உப்புத் தண்ணீரில் மிளகைவிடச் சற்றுப் பெரிய கரும்பச்சை மணிகள் கிடந்தன. "கேப்பர். அங்கே மீனுக்குப் போடுவோம்" என்றார். பெரியம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டார், கண்ணை இடுக்கினார். துப்பப்போகிறார் என்று நான் கிண்ணத்தைத் தேடினேன். அதற்குள் அவர் மெல்லத் தொடங்கிவிட்டார். "இது காத்தோட்டிக்குச் சொந்தம்" என்றார். அந்த நாக்கு எவ்வளவு சரியானது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று மதியம் வீட்டில் சிப்பிக்காளான் பால்கறி. உயர்தரம் படிக்கும் பெறாமகள் சோற்றைப் பிசைந்தபடியே தொலைபேசியில் ஓர் அட்டவணையைத் தேடி எடுத்தாள். "சின்னம்மா, 100 கிராம் காளானில் 22 கலோரி. 100 கிராம் கேப்பரில் 23 கலோரி. புரதம் அதில் 3 கிராம், இதில் 2 கிராம் சொச்சம். இரண்டும் ஒன்றுதான்."

அவள் வாசித்த எண்கள் எல்லாம் சரி. முடிவுதான் பிழை. நான் பல ஆண்டுகள் மனைப்பொருளியல் கற்பித்தவள். இந்தப் பிழையை வகுப்பில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சத்து அட்டவணை பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும், அதற்கு மேல் வாய் திறக்காது. ஆகையால் கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழகவேண்டும். காளானையும் கேப்பரையும் வைத்தே அதைப் பார்ப்போம். இவற்றைவிடப் பொருத்தமில்லாத சோடியைத் தேடினாலும் கிடைக்காது. பாடம் நடத்த அதுவே வசதி.

முதலில் பொருள் எது என்று பார்க்கவேண்டும். "காளான்" என்று தேடினால் அட்டவணைகள் பெரும்பாலும் வெள்ளை மொட்டுக்காளானைத்தான் காட்டும். அது குளிரை விரும்பும் சாதி. எங்கள் தட்டில் இருந்ததோ சிப்பிக்காளான்: மரத்தூளும் தவிடும் அடைத்த பைகளைக் கிடுகுக் கொட்டிலுக்குள் வரிசையாகத் தொங்கவிட்டு, வன்னி வெயிலில் காய்ந்துபோகாமல் நாளுக்குப் பல தடவை தண்ணீர் தெளித்து வளர்ப்பது. அதற்கு 100 கிராமில் 33 கலோரி, புரதம் 3.3 கிராம், நார்ச்சத்து 2.3 கிராம். மொட்டுக்காளானில் நார்ச்சத்து 1 கிராம்தான். பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றலாம். ஆனால் இரும்புச்சத்தைப் பாருங்கள்: மொட்டுக்காளானில் 0.5 மில்லிகிராம், சிப்பிக்காளானில் 1.3 மில்லிகிராம். இரண்டரை மடங்கு. "காளான்" என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு இடைவெளி.

கேப்பருக்கும் அப்படித்தான். அது விதையும் அல்ல, காயும் அல்ல. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள வறண்ட நிலங்களில், பாறை இடுக்கிலும் பழைய மதில்களிலும் வளரும் ஒரு செடியின் பூமொட்டு. விரிவதற்கு முன்பே கையால் பறித்துவிடுவார்கள். மொட்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு விலை. பச்சையாக வாயில் வைக்க முடியாத கசப்பு. உப்பிலோ உப்புத் தண்ணீரிலோ வினாகிரியிலோ ஊறிய பிறகுதான் அந்தக் கடுகு போன்ற காரமும் புளிப்பும் வரும். ஆகவே அட்டவணையில் "கேப்பர்" என்று இருப்பது மரக்கறி அல்ல, ஊறுகாய். பெறாமகள் ஒப்பிட்டது பச்சைக் காளானையும் ஊறுகாயையும். பச்சை மாங்காயை மாங்காய் ஊறுகாயோடு ஒப்பிட்டு "இதில் உப்பு கூட" என்று கண்டுபிடிப்பதைப் போன்றது அது.

அடுத்ததுதான் முக்கியமான கேள்வி: தட்டில் எவ்வளவு விழுகிறது?

100 கிராம் என்பது அளவுகோல்தான்; யாருடைய சாப்பாடும் அல்ல. துணி வாங்கப் போனால் மீற்றர்க் கணக்கில் விலை எழுதியிருப்பதற்காக யாரும் ஒரு மீற்றரில் சட்டை தைப்பதில்லையே. காளானில் 100 கிராம் நடைமுறைக்கு ஓரளவு நெருக்கமான எண்தான். கடையில் விற்கும் 200 கிராம் பொதியைப் பாதியாகப் பிரித்தால் ஒருவருக்கு அவ்வளவு. வதக்கும்போது தண்ணீரை விட்டுச் சுருங்கி, சட்டி நிறைய இருந்தது அடியில் ஒரு பிடியாகிவிடும் என்பதால், இரண்டு பேர் ஒரு பொதியைச் சாப்பிடுவது பெரிய காரியமே அல்ல.

கேப்பரோ மேசைக்கரண்டிக் கணக்கு. தண்ணீர் வடித்த ஒரு மேசைக்கரண்டி கேப்பர் ஏறக்குறைய 8.6 கிராம். 100 கிராம் சாப்பிட வேண்டுமென்றால் கிட்டத்தட்டப் பன்னிரண்டு கரண்டி. அண்ணாவின் போத்தலையே அப்படியே வாயில் கவிழ்க்கவேண்டும். அட்டவணை எண்ணை 100ஆல் வகுத்து 8.6ஆல் பெருக்கினால் ஒரு கரண்டிக்குக் கிடைப்பது இது: 2 கலோரி, புரதம் 0.2 கிராம், நார்ச்சத்து 0.3 கிராமுக்கும் குறைவு, இரும்பு 0.14 மில்லிகிராம். பெறாமகளிடம் ஒரு நாட்காட்டித் தாளின் பின்புறத்தைக் கொடுத்து இந்தக் கணக்கைச் செய்யவைத்தேன். இரும்பு என்ற வரிக்கு வந்ததும் பேனையை நிறுத்தினாள். 100 கிராமுக்குப் பார்த்தபோது கேப்பரின் 1.67 மில்லிகிராம்தான் மூன்றிலும் முதலிடத்தில் நின்றது. கரண்டிக்குப் பார்த்தால் கடைசி இடத்துக்குப் போய்விட்டது. அட்டவணையில் எந்த எண்ணும் மாறவில்லை, கேள்வி மட்டும்தான் மாறியது.

இந்தச் சுருக்கலுக்கு ஈடுகொடுத்து நிற்பது ஒன்றே ஒன்று. உப்பு.

100 கிராம் கேப்பரில் சோடியம் சுமார் 2350 மில்லிகிராம். மொட்டுக்காளானில் 5. ஐந்நூறு அல்ல, ஐந்து. சோடியம் என்பது உப்பின் ஒரு பகுதி மட்டுமே. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஆகவே 100 கிராம் கேப்பரில் ஏறக்குறைய 6 கிராம் உப்பு. பெரியவர் ஒருவர் நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு எடுக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. அமெரிக்க அட்டவணைகள் சோடியத்தை மில்லிகிராமில் சொல்லும். அண்ணாவின் போத்தல் போன்ற ஐரோப்பியப் போத்தல்கள் உப்பென்றே கிராமில் எழுதும். ஒன்றில் 2350 என்றும் மற்றதில் 6 என்றும் பார்த்து, இரண்டாவது நல்ல போத்தல் என்று நினைத்துவிடக்கூடாது.

ஒரு கரண்டிக்கு இறக்கினால் சோடியம் 200 மில்லிகிராம், அதாவது அரைக் கிராம் உப்பு. பயப்படுமளவு அல்ல. ஆனால் கலோரியும் புரதமும் இரும்பும் கரண்டியில் காணாமல் போய்விட்டபோது உப்பு மட்டும் காணாமல் போகவில்லை, ஒரு நாள் அளவில் பத்திலொரு பங்காக நிற்கிறது. கருவாட்டுக் குழம்பு, பொரித்த மோர்மிளகாய், தேசிக்காய் ஊறுகாய் என்று ஏற்கெனவே உப்பு நிறைந்த தட்டில் அது இன்னொரு அரைக் கிராம். அலசிப் பிழிந்தாலோ சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்தாலோ கொஞ்சம் குறையும். உப்புக்குள்ளேயே புதைத்து விற்கும் கேப்பரும் உண்டு. இத்தாலியின் பன்ரெல்லேரியாத் தீவு அதற்குப் பெயர்போனது. அதை ஊறவைக்காமல் போட்டால் கறியைக் கொட்டவேண்டியதுதான்.

உப்பு செடியின் குணம் அல்ல, பதப்படுத்தலின் குணம் என்பதற்கு ரின் காளானே சாட்சி. 5 மில்லிகிராம் சோடியம் இருந்த அதே மொட்டுக்காளான், ரின்னில் அடைபட்டு வடித்தெடுக்கப்படும்போது 425 ஆகிவிடுகிறது. நியாயமாக ஒப்பிடுவதென்றால் கேப்பர்ப் போத்தலுக்கு எதிரே வைக்கவேண்டியது இந்த ரின்னைத்தான்.

இனித் தண்ணீர். காளானைத் தூக்கிப்பிடிப்பவர்கள் "நாற்பது சதவீதம் புரதம், இறைச்சிக்குச் சமம்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதுவும் கணக்குப்படி பொய் அல்ல. 100 கிராம் மொட்டுக்காளானில் 92 கிராமுக்கு மேல் தண்ணீர். மீதி ஏழரைக் கிராமில் மூன்று கிராம் புரதம். மூன்றை ஏழரையால் வகுத்தால் நாற்பது சதவீதம் வந்துவிடும். ஆனால் காய்ந்த தூளாக யார் சாப்பிடுகிறார்கள்? கறியாக ஒரு அகப்பை விட்டால் மூன்று கிராம்தான். அதே அளவு அவித்த மைசூர்ப் பருப்பில் ஒன்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு. இதற்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைதரசனை அளந்து, ஓர் எண்ணால் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். வழக்கமான பெருக்கெண் 6.25. காளானின் சுவர்களிலோ நண்டு ஓட்டிலும் இறால் ஓட்டிலும் இருக்கும் கைட்டின் இருக்கிறது. அதிலும் நைதரசன் உண்டு, அது புரதம் அல்ல. ஆகையால் காளானுக்கு 4.38 என்ற சிறிய எண்ணைப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். ஒரே காளானுக்கு இரண்டு இடங்களில் இரண்டு புரத அளவு தென்பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கேப்பரையும் இப்படிக் காயவைத்துப் பார்த்தேன், தாளில்தான். 100 கிராமில் 84 கிராம் தண்ணீர், மீதி 16. அந்தப் பதினாறில் ஆறு கிராம் உப்பு. தண்ணீர் நீங்கலாகக் கேப்பரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெறும் உப்பு! இதைக் கேட்டதும் அண்ணாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. பாரிஸில் அது பெருமையான சாமான்.

அவருக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். வெங்காயத்திலும் தேயிலையிலும் இருக்கும் குவெர்செற்றின் என்ற பொருள் எடைக்கு எடை மிக அதிகமாக உள்ள உணவுகளில் கேப்பர் ஒன்று: போத்தல் கேப்பர் 100 கிராமில் 170 மில்லிகிராமுக்கு மேல். உடம்புக்கு அதனால் ஆவது என்ன என்பதில் பெரிய பேச்சுகள் நடக்கின்றன. நான் அதற்குள் போகவில்லை. மறுபடியும் கரண்டிக் கணக்குப் போட்டால் 15 மில்லிகிராம். சமையலுக்குச் சின்ன வெங்காயத்தை அள்ளிப் போடும் வீட்டுக்கு அது புதுச் செல்வம் ஒன்றும் அல்ல.

காளானின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது, பலரும் பார்க்காத வரிகளில். 100 கிராம் மொட்டுக்காளானில் றைபோபிளேவின் (விற்றமின் பி2) 0.4 மில்லிகிராம், அதாவது ஒரு நாள் தேவையில் மூன்றிலொரு பங்கு. நயாசின் (விற்றமின் பி3) 3.6 மில்லிகிராம், கால்வாசி. செம்பு 0.3 மில்லிகிராம், அதுவும் மூன்றிலொரு பங்கு. வெறும் 22 கலோரிக்குள் இவ்வளவு என்றால் கெட்டிக்காரக் காளான்தான். ஆனால் கல்சியம் 3 மில்லிகிராம், ஏறக்குறைய இல்லை. விற்றமின் பி12 பெயருக்கு. மச்சம் சாப்பிடாதவர்கள் காளானை நம்பிப் பி12ஐ மறந்துவிடக்கூடாது. கல்சியத்தில் கேப்பர் 40. இரண்டையும் ஓரமாக நிறுத்திவிட்டு வேலி முருங்கையைப் பார்த்தால் இலையில் 185. வேலிக்கு நாங்கள் மரியாதை கொடுப்பதே இல்லை.

காளானைப் பற்றி நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பாத ஒரு விடயம் உண்டு. பறித்த பிறகும் அது வெயிலை வைத்து விற்றமின் டி ஆக்கும். காளானில் எர்கொஸ்ரெரோல் என்ற பொருள் இருக்கிறது; புறஊதாக் கதிர் பட்டால் அது விற்றமின் டி2 ஆக மாறும். கொட்டில் இருளில் வளர்ந்த காளானில் விற்றமின் டி மிகக் குறைவு. நறுக்கி, அல்லது குடையின் அடிப்புற மடிப்புகள் மேலே தெரியும்படி கவிழ்த்து, நடுப்பகல் வெயிலில் கால் மணித்தியாலத்துக்கு மேல் வைத்தால் 100 கிராமில் 10 மைக்ரோகிராமைத் தாண்டலாம். பெரியவர்களுக்கு நாளுக்கு 15 தேவை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சமைத்தாலும் அதில் பெரும்பகுதி நிற்கும். வயலில் நிற்பவர்களுக்கு வன்னி வெயில் தோலிலேயே அந்த வேலையைச் செய்துவிடும். வீட்டோடு கிடக்கும் முதியவர்களுக்குச் சுளகில் பரப்பிய காளான் உதவும். முற்றத்தில் காகத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதை வைத்துக் காளானே வென்றது என்று எழுதிவிடலாம் போலிருக்கும். சாப்பிடுபவர் யார் என்பது இன்னும் மிச்சம் இருக்கிறது. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் நீண்டகாலச் சிறுநீரக நோய் உள்ள வீடுகள் பல. அந்த நோய் முற்றியவர்கள் சிலருக்கு வைத்தியர் பொற்றாசியத்தைக் குறைக்கச் சொல்வார். 100 கிராம் மொட்டுக்காளானில் பொற்றாசியம் 318 மில்லிகிராம், சிப்பிக்காளானில் 420. மற்றவர்களுக்கு இது நல்ல செய்தி. அவர்களுக்குக் கேட்டுத் தெரிந்து சாப்பிடவேண்டிய செய்தி. ஒரு கரண்டிக் கேப்பரில் பொற்றாசியம் 4 மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் உப்பு அவர்களுக்கு இன்னும் பெரிய பகை. அவர்களுக்கு எது, எவ்வளவு என்பதைக் கிளினிக்கில்தான் கேட்கவேண்டும், அட்டவணையிடம் அல்ல.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. நான் இங்கே எழுதிய எண்கள் எல்லாம் வளர்த்த காளானுக்கு உரியவை. மாரி மழை இறங்கியதும் புற்றடியிலும் வைக்கோல் போரிலும் காளான் முளைக்கும். புற்றுக்காளானின் ருசி தெரிந்தவர்கள் அதற்காகக் காட்டோரம் அலைவார்கள். தலைமுறையாகப் பறித்துப் பழகியவர்களோடு போனால் ஒழிய அந்தப் பக்கம் போகாதீர்கள். வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது, மஞ்சள் போட்டு அவித்தால் போய்விடும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. கொடிய காளான் நஞ்சு சில கொதித்தாலும் அழிவதில்லை. அது மட்டுமல்ல, சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகே வயிற்றைக் குழப்பி, நடுவில் சுகமானது போலக் காட்டி, பிறகு ஈரலைத் தாக்கும். சந்தேகமாக ஒன்றைச் சாப்பிட்டவர் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சொன்னாலும் ஆசுபத்திரிக்குக் கூட்டிச்செல்லுங்கள்.

இப்போது பெரியம்மாவின் நாக்குக்கு வருவோம். காத்தோட்டி எங்கள் பற்றைக்காடுகளில் ஏறிப்படரும் முட்கொடி. வளைந்த முள் சட்டையைப் பிடித்தால் விடாது. வெள்ளையாகப் பூத்துச் சிவப்பாக நிறம் மாறும் பூ, உருண்டைக் காய், நல்ல கசப்பு. ஆடி அமாவாசை விரதச் சமையலில் அந்தக் கசப்புக்கு ஓர் இடம் உண்டு. தமிழகத்தில் இதையே ஆதொண்டை என்பார்கள். காயை உப்பில் ஊறவைத்து வற்றல் போடுவார்கள். தாவரவியலில் கேப்பர்ச் செடியும் காத்தோட்டியும் கப்பாரிஸ் என்ற ஒரே பேரினம். கேப்பர், கப்பாரிஸ் ஸ்பினோசா. காத்தோட்டி, கப்பாரிஸ் சீலானிக்கா. இலங்கையின் பெயரையே தாங்கியது. பெரியம்மா எந்தப் புத்தகமும் புரட்டவில்லை. ஒரு மொட்டை மென்றார், அவ்வளவுதான்.

அதற்காகக் கேப்பரின் எண்களைக் காத்தோட்டிக்கு எழுதிவிட முடியாது. ஒன்று மொட்டு, மற்றது காய். ஒன்று போத்தலில் ஊறியது, மற்றது சட்டியில் வெந்தது. ஒன்றுவிட்ட சகோதரங்களின் பரீட்சைப் புள்ளியை மாற்றி எழுதுவது போலாகும்.

இரவுக்கு மீன் சொதி. பெறாமகள் நாட்காட்டித் தாளைப் பார்த்து, ஒரு மேசைக்கரண்டிக்கு அரைக் கிராம் என்று கணக்கிட்டு, மூன்று கரண்டிக் கேப்பரைச் சொதிக்குள் போட்டுவிட்டு உப்புச் சிரட்டையை அடுப்படியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அண்ணா மட்டும் இரண்டு வாய் வைத்துவிட்டு, "உப்புக் கொஞ்சம் குறைவு" என்றார்.